கைக்குள் அடங்கும் கண்டி



பயணம் போனவர்கள் வாங்கிவரும் சின்னஞ்சிறு பொருட்களைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கண்டியில் நின்று கேட்டால் அந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் நியாயம் கூடும். வாவியைச் சுற்றிலும் தலதா மாளிகைக்குப் போகும் வழியிலும் இந்தப் பொருட்கள்தான் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன: மரயானை, பித்தளை விளக்கு, உள்ளங்கை அளவுள்ள கெட்டபெர மேளம், அரக்கு வேலை செய்த செப்பு, தேயிலைப் பெட்டி. கலையை அறிந்தவர்கள் இவற்றைச் சுற்றுலாச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். சிக்கனக்காரருக்கு இது வீண்செலவு. துறவு பேசுபவருக்கோ இன்னுமொரு பற்று. மூவருக்கும் பதில் சொல்ல நினைக்கிறேன். ஓரிடத்தின் நினைவைத் தாங்கவேண்டிய பொருள் சிறியதாக, மலிவானதாக, அரைகுறையாக இருப்பதை நாம் குறையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். என் கட்சி நேர்மாறானது. அந்தச் சிறுமைதான் அதற்கு நினைவூட்டும் தகுதியைத் தருகிறது. பெரிய பொருளை எடுத்துப் போகிறவரோடு உடைமை போகிறது, நினைவு போவதில்லை. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. கண்டியின் வரலாறே போதும்.

1765இல் ஒல்லாந்தக் கம்பனியின் படை ஆளுநர் வான் எக் தலைமையில் இந்த நகருக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடியது. அப்போது ஆண்டவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். போன பொருட்களில் ஒன்று, லெவ்கே திசாவை என்ற பிரதானி கண்டி மன்னனுக்குக் காணிக்கையாகக் கொடுத்த சிறிய பீரங்கி; வெண்கலத்தின்மேல் பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கல்லும் பதித்தது. அது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 2023இல்தான் வாள், கத்தி, துப்பாக்கி என்று மேலும் ஐந்து பொருட்களோடு இலங்கைக்குத் திரும்பி வந்தது. சிம்மாசனத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அது 1693இல் ஒல்லாந்த ஆளுநர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு அன்பளிப்பாகத் தந்தது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1934இல் குளோஸ்டர் கோமகன் நேரில் வந்து திருப்பிக் கொடுத்தார். ஆக, ஒல்லாந்தர் கொடுத்ததை ஆங்கிலேயர் எடுத்தார்கள். கண்டியார் செய்ததை ஒல்லாந்தர் எடுத்தார்கள். திரும்பி வந்தபின்னும் இரண்டும் கண்டிக்கு வந்து சேரவில்லை, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தோடு நின்றுவிட்டன. கண்டிக்காரர்கள் இதைக் குறையாகச் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

இந்த இரண்டு பொருளும் ஐரோப்பாவில் இருந்த காலத்தில் யாருக்கு எதை நினைவூட்டின? கண்டியின் மழையையோ மலையையோ மேளத்தையோ அல்ல. வெற்றியை நினைவூட்டின, எடுத்தவரின் கை பெரியது என்பதை நினைவூட்டின. பொருளுக்கென்று தனி விலையும் மதிப்பும் இருந்தால், பார்ப்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி 'இது யாருடையது' என்பதாகவே இருக்கும். 'அங்கே என்ன நடந்தது' என்ற கேள்வி அதன் பின்னால் நின்றுவிடும். மரயானையைப் பார்த்து யாரும் அது யாருடையது என்று கேட்பதில்லை. கேட்பதெல்லாம் 'எங்கே வாங்கியது' என்பதுதான், அந்தக் கேள்வியில் கதை தொடங்கிவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் ஸ்டூவர்ட் 1984இல் எழுதிய நூலில் இந்தப் பொருட்களைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார்: அவை தனியே நிற்கமுடியாதவை, கூடவே ஒரு கதை இருந்தால்தான் அவற்றுக்கு உயிர். அவர் அதைச் சற்றே ஏக்கத்தோடு சொன்னார். நான் அதையே நற்சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டைத்தான் கிழித்திருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், எது தொல்பொருள் என்று வரையறுக்க ஒரு நாளைக் குறித்தது: 1815 மார்ச் 2. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முன் செய்த சிலையோ, செதுக்கலோ, ஓவியமோ அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. அரசு வீழ்ந்த நாளையே தொன்மையின் எல்லையாகச் சட்டம் வைத்துக்கொண்டதில் ஒரு கசப்பு இருக்கிறது. ஆனால் நம் பேச்சுக்கு அது உதவுகிறது. எடுத்துப்போனால் ஊர் வறுமைப்படும் பொருள் ஒரு பக்கம். எடுத்துப்போவதற்கென்றே செய்யப்படும் பொருள் மறுபக்கம். பத்து யானை போனால் பதினொன்றாவதைச் செதுக்க ஆள் இருக்கிறான், அதனால் அவன் வீட்டில் அடுப்பெரிகிறது. (யானை வால்முடியில் செய்த மோதிரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கமுடியாது. அளவால் மட்டுமே அது சிறியது.)

இந்த இடத்தில்தான் முதலாவது எதிர்ப்பு வருகிறது, அதை எழுப்பியவர் சாதாரண ஆள் அல்லர். ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர். பாறைகளைத் தேடி மலைநாட்டில் அலைந்தவருக்குக் கைவினைஞர் கிராமங்கள் கண்ணில் பட்டன. 1908இல் அவர் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் பெரும்பாலும் கண்டி நாட்டுக் கலை பற்றியதுதான். அவர் கண்டது ஒரு சரிவு. அரசனுக்கென்று பட்டல் ஹதர என்ற நான்கு தொழிற்கூடங்கள் இருந்தன. கைவினைஞருக்குச் சேவைக்கு ஈடாக நிலம் இருந்தது. அரசன் போனான், 1830களின் தொடக்கத்தில் ராஜகாரியம் என்ற கட்டாயச் சேவைமுறையும் ஒழிக்கப்பட்டது. மக்களுக்கு அது விடுதலை என்பதில் ஐயமில்லை, ஆனால் கலைக்கு இருந்த புரவலர்களும் அதோடு போய்விட்டார்கள். 1867இல் கொழும்பிலிருந்து ரயில் வந்தது, ரயிலோடு வெளியூர்க்காரன் வந்தான். 1882இல் கண்டியக் கலைச் சங்கம் தோன்றியது. இனிமேல் புரவலன் அரசனும் அல்லன், பிரதானியும் அல்லன். மறுநாள் காலை ஊரைவிட்டுப் போய்விடும் பயணி. அப்படிப்பட்டவனுக்காகச் செய்யும் பொருளில் எப்படித் தரம் இருக்கும் என்பது குமாரசுவாமி வழிவருபவர்களின் கேள்வி.

தரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களில் உள்ள மல்லர்களையும், பின்னிய அன்னங்களையும், இருதலைப் பறவையையும் பார்த்துவிட்டு, அதே ஊர்ச் சாலையோரத்தில் விற்கும் யானையைக் கையில் எடுத்தால் இறக்கம் தெரியும். ஆனால் அந்தத் தூணும் இந்த யானையும் ஒரே வேலைக்கு வந்தவை அல்ல. தூண் தெய்வத்துக்கு முன்னால் நிலையாக நிற்பதற்கு. யானை ஒரு பெட்டிக்குள் உருண்டு போய் எங்கோ ஓர் அலுமாரித் தட்டில் இருப்பதற்கு. தூணின் அளவுகோலை யானையின்மேல் வைத்து அது தோற்றது என்பது நியாயமான தீர்ப்பு ஆகாது. தும்பறைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேனவல போன்ற கிராமங்களில் ஹண என்ற கற்றாழை வகைச் செடியின் நாரை உரித்து, சாயம் தோய்த்து, தறியில் நெய்வது அது. பறவை, மான், பாம்பு என்ற உருவங்களைக் கோணக் கோடுகளாகவே நெய்வார்கள். பழைய காலத்தில் அது விரிப்பு. பிறகு சுவரில் தொங்கியது. இப்போது மேசையில் தட்டின்கீழ் வைக்கும் துண்டாகவும், கைப்பையாகவும் குறுகிவிட்டது. குறுகியதைப் பற்றிப் புலம்பலாம். ஆனால் அந்தக் கோண உருவத்தை நெய்யத் தெரிந்த கை இன்றும் இருப்பதற்குக் காரணம், பயணியின் பெட்டிக்குள் அடங்குகிற அளவுக்கு அது தன்னைச் சுருக்கிக்கொண்டதுதான். விரிப்பாகவே நின்றிருந்தால் பிளாஸ்டிக் பாயோடு மல்லுக்கட்டி எப்போதோ தோற்றிருக்கும்.

இன்னொன்று. குமாரசுவாமியே 1917இல் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனபோது தன் சேகரிப்போடுதான் போனார். அவரைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பெரிய பொருளைச் சேகரிப்பவர் அதைக் காக்க நிறுவனம் ஒன்றைத் தேடவேண்டியிருக்கிறது. சிறிய பொருளுக்கு ஓர் அலுமாரித் தட்டும் ஒரு மனிதரின் ஞாபகமும் போதும். இரண்டும் வெவ்வேறு தொழில்கள்.

சிறுமை எப்படி நினைவுக்கு உதவுகிறது என்பதற்கு உளவியலில் சான்று உண்டு. எண்டல் டல்விங்கும் டொனால்ட் தாம்ஸனும் 1973இல் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். ஒன்றை மனத்தில் பதிக்கும்போது கூடவே இருந்த குறிப்புத்தான் பிறகு அதை மீட்டெடுக்கச் சிறந்த குறிப்பு என்பது அதன் சாரம். குறிப்பு முழுமையாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. நம் பாட்டிமார் மறக்காமலிருக்க முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். முடிச்சில் எந்தச் செய்தியும் எழுதியிருக்காது, ஆனால் அவிழ்க்கும்போது செய்தி வந்துவிடும். மாத்தளைப் பக்கத்து ஹப்புவித கிராமத்து அரக்குச் செப்பு அத்தகையதுதான். சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்து, மரத்தின்மேல் சுற்றி, பெருவிரல் நகத்தால் அழுத்தி அழுத்தி வெட்டிக் கோலம் போடுகிறார்கள். அந்த நகம் படுவதை ஒருமுறை பார்த்தவருக்குச் செப்பின் விளிம்பில் விரல் பட்டால் போதும். இளகிய அரக்கின் மணம், பட்டறையின் இருட்டு, அன்று பெய்த மழை எல்லாம் பின்னாலேயே வரும். செப்புக்குள் இவை எதுவும் இல்லை. மனத்தில் இருப்பதை அது கிளறிவிடுகிறது, அவ்வளவுதான்.

கைபேசி இருக்கும்போது செப்பு எதற்கு என்பது சிக்கனக்காரரின் இக்காலத்து எதிர்ப்பு. ஆயிரம் படம் எடுத்துக்கொள்ளலாம், இடமும் அடைக்காது, காசும் இல்லை. இதற்கு அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்து லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒரு பதிலைத் தருகிறது. அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்த மாணவர்கள், சும்மா பார்த்த பொருட்களைவிடப் படம் எடுத்த பொருட்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். கமெரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் தன் வேலையை விட்டுவிடுகிறது போலும். ஆனால் ஒரு பொருளின் ஒரு சிறு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. எனக்கு இந்தப் பின்குறிப்புத்தான் முக்கியம். முழுவதையும் அள்ள நினைத்தவர் மறந்தார். ஒரு மூலையில் கவனத்தைக் குவித்தவர் மறக்கவில்லை. எதை வாங்குவது என்று கடையில் நின்று பொறுக்கி, திருப்பிப் பார்த்து, விலை பேசும் பத்து நிமிடமும் கவனத்தைக் குவிக்கும் வேலைதான். படங்களைப் பழிக்கவில்லை. ஆயிரம் படத்துக்கு நடுவே எந்தப் படத்தைத் திறப்பது என்று கையைப் பிடித்து அழைத்துப்போக ஏதோ ஒன்று வேண்டும் என்கிறேன்.

போலிச் சரக்கு பற்றிய எதிர்ப்பு இதைவிடக் கூர்மையானது. கண்டிக் கடைகளில் கண்ணை உருட்டிப் பார்க்கும் முகமூடிகள் அம்பலாங்கொடைக் கரையோரத்தின் கூத்துக்கும் பேயோட்டும் சடங்குக்கும் உரியவை. மலைநாட்டுக்கு உரியவை அல்ல. பத்திக் துணியின் வேர் ஜாவாவில். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்த வில்லைகளோ எந்த நாட்டு அச்சில் வார்த்தவை என்றே தெரியாதவை. போதாததற்கு, பயணியை எந்தக் கடையில் இறக்குவது என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது வண்டியோட்டிக்கும் வழிகாட்டிக்கும் கிடைக்கும் தரகுப் பணம். இதையெல்லாம் மறைத்துப் பேசினால் கேட்பவர் நம்பமாட்டார். ஆனாலும் தூய்மை என்ற அளவுகோலைக் கொண்டு இதைத் தீர்க்கமுடியாது. நான் சொன்ன சிம்மாசனமே ஒல்லாந்தர் கொடுத்தது. கடைசி நான்கு மன்னர்கள் தென்னிந்திய நாயக்கர் வழியினர். கண்டியின் நான்கு தேவாலயங்களில் ஒன்றான பத்தினி தேவாலயத்தில் இருப்பவள் நம் கண்ணகி. வெளியிலிருந்து வந்ததையெல்லாம் கழித்தால் கண்டியில் மிஞ்சுவது கொஞ்சந்தான்.

வேறொரு அளவுகோல் இருக்கிறது, அதுவும் நினைவு ஆய்விலிருந்தே வருவது. ஓல்கா வாட்கின்ஸ், மைக்கேல் வாட்கின்ஸ் இருவரும் 1975இல் காட்டியது: ஒரு குறிப்போடு இணைந்த செய்திகள் பெருகப் பெருக, ஒவ்வொரு செய்தியையும் அழைத்துவரும் அதன் வலு குறைகிறது. பெயரை மட்டும் மாற்றி எல்லா ஊரிலும் ஒரே வடிவில் விற்கும் வில்லை பத்து ஊருக்கும் பொது. ஆகவே எந்த ஊரையும் முழுதாக அழைத்துவராது. அது தரம் தாழ்ந்த பொருள் என்பதற்காக அதை விலக்கச் சொல்லவில்லை. குறிப்பாக வேலை செய்யாது என்பதற்காகச் சொல்கிறேன். பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியோரம் விற்கும் பித்தளை விளக்கு, பக்கத்து ஊர்ப் பட்டறையில் வார்த்து அராவியதாக இருந்தால் வேலை செய்யும். வாங்கியவர் பட்டறையை எட்டிப் பார்த்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்யும்.

இனிப் பற்று. எல்லாம் நிலையாதது என்று போதித்த புத்தரை வணங்கும் ஊரில் பொருளைப் பிடித்துவைத்துக்கொள்வதா என்று கேட்பார்கள். கண்டி என்ற நகரம் இப்படி எழுந்து நிற்பதற்குக் காரணமே ஒரு சிறிய பொருள்தான் என்பதை அவர்களுக்கு மரியாதையோடு நினைவூட்டலாம். மரபுச் செய்தியின்படி, நான்காம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ மேகவர்ணன் காலத்தில் கலிங்க இளவரசி ஹேமமாலா, இன்று தலதா மாளிகையில் இருக்கும் புத்தரின் புனித தந்ததாதுவைத் தன் கூந்தலுக்குள் ஒளித்துக் கடல் கடந்து கொண்டுவந்தாள். கூந்தலுக்குள் அடங்கிய ஒன்று பிற்காலத்தில் அரசுரிமையையே தீர்மானித்தது. பௌத்த மரபு நினைவுச் சின்னங்களை மூன்றாக வகுத்திருக்கிறது: உடலின் எச்சமான சாரீரிகம், புத்தர் பயன்படுத்திய பொருளான பாரிபோகிகம், அவரை நினைப்பதற்கென்றே பிறர் செய்துவைத்த உத்தேசிகம். மூன்றாவது வகையைக் கவனியுங்கள். அதில் அவர் உடலும் இல்லை, கைபட்டதும் இல்லை. நினைக்கவைப்பது மட்டுமே அதன் தகுதி. எசல பெரஹர ஊர்வலத்தில் மாளிகை யானை சுமந்து செல்வதும் புனித தந்தம் அன்று, அதற்காக நிற்கும் பேழை. வணங்குவோர் யாரும் அதனால் ஏமாந்ததாக நினைப்பதில்லை. கடைத்தெரு யானையையும் தாதுவையும் ஒரு தட்டில் வைக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். மனித மனம் குறியின் வழியாகவே நினைக்கிறது என்பதைத் துறவு மரபும் ஒப்புக்கொண்டு அதற்கு இலக்கணமும் வகுத்தது என்பதுதான் என் வாதம்.

தமிழர் வழக்கம் இதிலும் சற்றே வேறு. நம்மவர் பயணத்திலிருந்து கொண்டுவருவதில் பெரும்பகுதி வைத்துக்கொள்வதற்கு அல்ல, பகிர்வதற்கு. கதிர்காமம் போனால் விபூதி, யாழ்ப்பாணம் போனால் பனங்கட்டி, பழனி போனால் பஞ்சாமிர்தம்; அடுத்த வீட்டுக்கும் ஒரு பங்கு போகும், ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். பற்று என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல விடை இல்லை. கண்டியிலிருந்து போகும் பொருட்களில் இந்த வகையைச் சேர்ந்தது தேயிலை. ஆனால் என் வாதத்துக்கு மிகப் பெரிய சங்கடமும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையைப் பயிரிட்டார். ரயில் வந்ததும் அதே ஆண்டுதான். பிறகு 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் போன்றவை அச்சிட்ட தபாலட்டைகளில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் உலகமெல்லாம் போனாள். இன்றும் பெட்டிகளின் மேல் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய லயன் அறை அந்தப் படத்தில் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவள் குடும்பத்தின் குடியுரிமையைப் பறித்ததும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்ததும், நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் என்ற கோரிக்கை 2021 வரை இழுபட்டதும் அந்தப் பெட்டியில் இல்லை. சிறிய பொருள் ஊரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை என்ற பொருள்பட முன்பு சொன்னேன். இங்கே அது ஒருத்தியின் முகத்தை எடுத்துக்கொண்டு அவள் வாழ்வை விட்டுவிட்டுப் போகிறது. குறிப்பு வலுவாக வேலை செய்கிறது, ஆனால் தவறான நினைவைத்தான் எழுப்புகிறது. இந்த எதிர்ப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை, பாதி விடைதான் உண்டு.

அந்தப் பாதி விடை இதுவரை சொன்னதிலிருந்தே வருகிறது. எல்லாப் பெட்டியிலும் ஒரே படம் இருப்பதால் அவள் யாரும் அல்லாதவள் ஆகிவிட்டாள். வாட்கின்ஸ் இருவரும் சொன்ன நோய்தான் இது. தோட்டத்தின் பெயர், அது இருக்கும் உயரம், கொழுந்து பறித்த மாதம் ஆகிய மூன்றும் அச்சில் இருந்தால் பெட்டி ஓர் இடத்தைச் சுட்டத் தொடங்கும். கண்டிச் சுற்றுவட்டத்துத் தேயிலை பெரும்பாலும் இடைநிலை உயரத்தது. அதன் அடர்ந்த சுவைக்கு உயரமும் ஒரு காரணம் என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லலாம். ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு இறங்குபவர், எந்தத் தோட்டத்து இலை என்று கடையில் கேட்டால் கேட்கட்டும். தனித் தோட்டத்துத் தேயிலையைப் பெயரோடு விற்கும் கம்பனிகள் ஏற்கனவே இருக்கின்றன. அதற்கு விலையும் கூடுதலாகவே கிடைக்கிறது. அந்தக் கூடுதலில் பறித்தவளுக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கேட்கவேண்டிய இடம் கடை அல்ல. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில், தோட்டத்தின் பெயரைச் சொல்லியே அதைக் கேட்கலாம்.